வெறுஞ்சட்டி

பிள்ளைகளே, நேற்று பக்கத்து வீட்டம்மா நம் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்த நாலு பச்சை மிளகாயைப் பார்த்து, "குழம்புக்கு இதான் பதிலா?" என்று சிரித்தீர்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

குன்னம் பக்கம் எங்கள் ஊர். உலக யுத்தம் நடந்த காலம். அரிசிக்குப் பஞ்சம், தினமும் கம்பங்கூழ்தான். அப்பாவின் அக்கா, பார்வை மங்கிய எங்கள் அத்தை, தன் பங்குக் கூழில் ஒரு சட்டியை அடுத்த தெருவிலிருந்த சிநேகிதிக்கு என்னிடம் கொடுத்தனுப்புவார். தனியாக இருந்த அந்தக் கிழவி சட்டியை வெறுமனே திருப்பித் தரமாட்டார். கழுவி, தன் வீட்டு முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டுத் தருவார்.

"கூழைக் குடுத்துட்டுத் தழையா வாங்கியார? ஆட்டுக்கா, ஒனக்கா?" என்று தெருப் பையன்கள் கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் அந்தக் கிழவி மேல்தான் வந்தது. கீரையைக் குப்பைக்குழியில் கொட்டினேன். அத்தை சட்டிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"ஒண்ணும் குடுக்கலியாடா?"

"இல்லத்தே."

நாலு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் அத்தை சட்டியைக் கவிழ்த்துவிட்டார். "வெறுஞ்சட்டிய அனுப்புறா. நான் என்ன பிச்சையா போட்டேன்? ஒறவு வேணாங்கிறா. இனிமே போவாத."

ஒரு வாரம் கழித்து, முந்தானையில் கீரையோடு கிழவியே வந்துவிட்டார்.

"எம்மேல என்னக்கா கோவம்?"

"இப்பத்தான் ஒன் மரம் தழைஞ்சுதோ?"

"தெனமும் குடுத்துவுட்டனே!"

"எம்புள்ள பொய் சொல்றானா? டேய், குடுத்தாளா?"

"குடுக்கல" என்றேன், கிழவியின் முகத்துக்கு நேராக.

கிழவி என்னைப் பார்த்தார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"ஆமாக்கா, மறந்துட்டேன்."

"நாலு நாளுமா மறந்த?" அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கீரையை வாசலில் வைத்துவிட்டுக் கிழவி போய்விட்டார். பிறகு வரவேயில்லை.

அடி விழாமல் தப்பினேன் என்று அன்று குதித்தேன். எதைக் கொடுத்துக் கிழவி என்னைத் தப்பவைத்தார் என்று அப்போது தெரியவில்லை. அன்று நானாக இருந்த அந்தப் பயலை இன்று பார்த்தாலும் அறைவேன்.

அந்த மழைக்காலத்தில் கிழவி இறந்துபோனார். காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு அவர் முருங்கை மரத்தில் ஒரு கிளையை வெட்டி வந்து எங்கள் கொட்டகைக்குப் பின்னால் நட்டேன். வெட்டிய நுனி காயாமலிருக்கச் சாணி உருண்டை வைத்து, கூழ்ச் சட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். சட்டியைக் கழுவி, சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்.