கேணிக்கரை சுஐபும் வெள்ளைப் பட்டை டயரும்

இராமநாதபுரம் கேணிக்கரையில் டயர்க் கடை வைத்திருந்த சுஐபுக்கு, ரப்பரில் உள்ள பொய் மூக்கிலேயே தெரிந்துவிடும். கீழக்கரையில் பிறந்தவர். பதினாறு வயதில் தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போனார். கொழும்பில், தேயிலைத் தோட்டத்து லாரிகள் வந்து நிற்கும் ஒரு பட்டறையில் பதினைந்து வருடம் டயரோடு புழங்கிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் ஊர் திரும்பினார். தேய்ந்த டயரை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அது எந்தச் சாலையில் ஓடியது, ஓட்டியவன் பிரேக்கில் எப்படிக் காலை வைப்பவன் என்று சொல்லிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருடம் ஆவணியில் குருநாதன் தன் காரோடு அவர் கடைக்கு வந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பிள்ளை, இருபத்தாறு வயது. அவனுடைய சித்தப்பாவுக்கு மூன்று பஸ்கள் ஓடின. அந்தப் பஸ்களின் டயர் வேலைதான் சுஐபு வீட்டில் உலை கொதிக்க வைத்தது. குருநாதன் கொண்டுவந்தது இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிவப்புச் சீமைக் கார். பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி. நாலு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம், அவ்வளவு எடை குறைவு. டயர் நான்கும் மொட்டையாகி நூல் தெரிந்தது.

"பாய், வெயிலு, மழை, எங்கூருக் கரிசச் சேறு, மண்டபத்துக் கடக்கரை மணலு, எல்லாத்துக்கும் ஒரே டயரா வேணும். காலத்துக்கு ஒண்ணு மாத்திக்கிட்டு இருக்க என்னால ஏலாது" என்றான் குருநாதன்.

சுஐபுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. பஸ்காரர்கள் எத்தனை நாள் உழைக்கும் என்று மட்டும்தான் கேட்பார்கள். இப்படி யோசிக்க வைக்கும் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"பஸ்ஸு தன் பாரத்துலயே ரோட்ட அமுக்கிப் பிடிச்சுக்கிரும். இது அப்புடி இல்ல, தம்பி. டயரு கெட்டியா இருந்தா ரோட்டு மேல தத்திக்கிட்டுத்தான் போகும். பக்கம் இளக்கமா இருக்கணும். மேல முண்டு முண்டா நிக்கிற பட்டனுக்கு நடுவுல தண்ணி வெலகி ஓட வாய்க்கா இருக்கணும். காத்தும் இருபது பவுண்டுக்கு மேல ஏத்தப்படாது. பாத்து வைக்கிறேன், ஒரு வாரம் குடுங்க."

மறுநாள் காலை ரயிலில் மதுரைக்குப் போனார். மூன்று கடைகள் ஏறி இறங்கினார். ஒரு கடையில் லாரிக்குப் போடுவதுபோல் பெரிய பட்டன் வைத்த டயர் இருந்தது. சேற்றுக்கு ஆகும், தார் ரோட்டில் காரை உதறும். இன்னொன்றில் நேர்கோடு நேர்கோடாகப் பள்ளம் விழுந்த டயர். தார் ரோட்டுக்குச் சுகம், கரிசலில் கால் வைத்தால் கோடெல்லாம் மண் அடைந்து வழுக்கும். மூன்றாவது கடையில்தான் அவர் தேடியது கிடைத்தது. வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள், ஓரத்தில் சின்னச் சின்னப் பட்டன்கள், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிற பக்கங்கள். நான்கு டயர்களையும் முகர்ந்து பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

வாரம் முடிந்து குருநாதன் வந்தான். அவனே நான்கு டயர்களை எங்கோ வாங்கிக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பக்கமெல்லாம் பால்போல் வெள்ளைப் பட்டை போட்ட டயர்கள்.

"பாய், எப்புடி இருக்கு? மெட்ராசுல சினிமாக்காரவுக எல்லாம் இதத்தான் போடுறாகளாம்."

சுஐபு ஒன்றை உருட்டி வெயிலுக்குக் கொண்டுபோனார். கிட்டே முகத்தைக் கொண்டுபோனதுமே வேகவைத்த பசையின் நெடி அடித்தது. நகத்தால் சுரண்டினார். வெள்ளை செதிளாக உதிர்ந்தது, அடியில் பழைய ரப்பர் வெடித்து வெடித்துக் கிடந்தது. செத்த டயருக்கு மேல்தோல் ஒட்டிச் சுண்ணாம்பு பூசினாற்போல் பூசியிருக்கிறார்கள். ஊசிப்போன மீனுக்குச் செவுளில் சாயம் தடவி விற்பவனைப் பார்த்தவர்போல் டயரைத் தள்ளிவிட்டார்.

"தம்பி, இது பழசு. மேலால ஒட்டி ஏமாத்தியிருக்கான். மழையில இது நிக்காது. மதுரையில நான் பாத்து வச்சிருக்கேன்."

"அது எப்புடி இருக்கும்?"

"கறுப்பாத்தான் இருக்கும்."

குருநாதன் சிரித்தான். "கட்ட வண்டிக்குப் போடுங்க அத. இத மாட்டுங்க, பாய். சாயந்தரம் கல்யாணத்துக்குப் போகணும். பிறகு, சித்தப்பா கூட உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லிக்கிட்டு இருக்காக."

கடைசியில் சொன்னது எதற்கென்று சுஐபுக்கு விளங்கியது. மூன்று பஸ்களும் கண்முன் வந்து நின்றன. "மழை பேஞ்சா எடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான்கையும் தன் கையாலேயே மாட்டினார்.

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் பகலில், அடித்துப் பெய்கிற மழையில், சத்திரக்குடிக்கு மேற்கே கண்மாய்க்கரை வளைவில் அந்தக் கார் வழுக்கியது. விறகுக் கட்டோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்த மீனம்மாளை இடித்துத் தள்ளிக் கருவேல மரத்தில் முட்டி நின்றது. குருநாதனுக்கு உதட்டில் ஒரு கீறல். மீனம்மாளுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பஸ் டிரைவர் வந்து சொன்ன அன்று சுஐபு சாப்பிடவில்லை. அவர் மனைவி சித்தி ஜுனைதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே, மச்சான். அவரு கேக்கலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சொல்லிட்டு மாட்டுனேன், ஜுனைதா."

மூன்றாம் நாள், சித்தப்பாவின் பஸ்களை மேற்பார்வை பார்க்கிற தவசி, அந்தக் காரின் டயர் ஒன்றையும் அதன் டியூபையும் கொண்டுவந்து கடைவாசலில் போட்டார். டயரின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"டயரு வெடிச்சுத்தான் காரு இழுத்துருச்சு. தம்பி மேல தப்பில்ல. தொழிலு தெரிஞ்சவரு நீங்க, கோர்ட்டுல ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு மொதலாளி சொன்னாக."

சுஐபு குனிந்து பார்த்தார். ஓடுகிற டயர் வெடித்தால் நூல் நூலாகப் பிய்ந்து தொங்கும். இதுவோ வாழைத்தண்டை அரிந்ததுபோல் ஒரே சீராக இருந்தது. டியூபில் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றி வைத்துக்கொண்டு கத்தியால் அறுத்திருக்கிறார்கள். அவசரத்தில் டியூபை மறந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் கால் போயிருக்கிறது, இங்கே உட்கார்ந்து டயரை அறுத்திருக்கிறார்கள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கடையைச் சாத்திவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு நடந்தார்.

மீனம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர் யாரென்று கேட்டாள். சொன்னார்.

"எறங்கி வந்தவன் என்னயப் பாக்கல. கொட்டுற மழையில துண்டெடுத்துக் காரு மூஞ்சியத்தான் தொடச்சான்" என்றாள். பிறகு, "டயரு மாட்டுனது நீதானா?" என்றாள்.

"ஆமா, தாயி."

"கெட்டதுன்னு தெரிஞ்சா மாட்டுன?"

"தெரிஞ்சுதான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வெளியே வந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே அவருக்கு வாய் கூசியது.

தை மாதம் வழக்கு வந்தது. சுஐபு கூண்டில் ஏறி, டயர் வெடிக்கவில்லை, கத்தியால் அறுக்கப்பட்டது என்று சொன்னார். தவசி கடைவாசலில் போட்டுவிட்டுப் போன டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினார். ஒரு குமிழி வரவில்லை. குருநாதனின் வக்கீல் எழுந்தார்.

"டயர் கெட்டதுன்னு உமக்குத் தெரியும். தெரிஞ்சே மாட்டினீர். அப்படித்தானே?"

"அப்படித்தான், ஐயா. பஸ் வேலை போயிருமேன்னு பயந்து மாட்டினேன். அதையும் எழுதிக்கங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். சுஐபுக்கு டயரை அறுத்தவர்கள்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகமாக அருவருப்பு வந்தது. குருநாதனுக்கு அபராதமும் ஒரு வருடத்துக்கு லைசென்ஸ் ரத்தும் கிடைத்தன. மீனம்மாளுக்குக் கக்கத்தில் ஊன்றும் ஒரு ஜோடிக் கம்பு கிடைத்தது.

அந்த வாரமே மூன்று பஸ்களும் வேறு கடைக்குப் போய்விட்டன. இரண்டு வருடம் சுஐபு சைக்கிள் டியூப் ஒட்டியும், புதிதாக வரத்தொடங்கிய டயர் மாட்டுவண்டிகளுக்குப் பஞ்சர் பார்த்தும் காலந்தள்ளினார். தனக்குச் சரியென்று படாத டயரை யார் கொண்டுவந்தாலும், பார வண்டிக்காரனானாலும் டாக்டரானாலும், தொடமாட்டார். பாய்க்குத் தலைக்கனம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அறுபத்து மூன்றில் ஒருநாள் பட்டப்பகலில் ஒரு புதுக் கார் பஞ்சராகி அவர் கடைமுன் நின்றது. குருநாதன் இறங்கினான். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. தினமும் பார்த்துப் பழகுகிறவன்போல், "பாய், சொகமா இருக்கீகளா? ஒரு பஞ்சர், அவசரமா மண்டபம் போகணும்" என்றான்.

"ரெண்டு கடை தள்ளி ஒருத்தரு இருக்காரு. அங்கன தள்ளிக்கிட்டுப் போங்க."

"இன்னுமா கோவம், பாய்? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோனது."

சுஐபு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். செய்ததை மறைக்கிற சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. கோபமாக இருந்திருந்தால் மூன்று வருடத்தில் ஆறிப்போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இது வேறு.

"கோவமெல்லாம் இல்ல, தம்பி" என்றார். "உங்க காரத் தொட்டா எனக்குச் சோறு எறங்காது."

குருநாதன் காரைத் தள்ள ஆள் கூப்பிடப் போனான். சுஐபு கிடந்த சைக்கிள் டியூபை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.