கிழ அரசியின் நரைமுடி

கொக்கி ஊசி வலையின் கண்ணுக்குள் நுழைந்து, இரண்டு மூன்று நரைமயிர்களைக் கவ்விக்கொண்டு திரும்பியது. விரல்கள் முடிச்சுப் போட்டு இறுக்கின. முன்நெற்றிக்கு வந்ததும் ஒற்றை மயிர்தான். அங்கே இரண்டு சேர்ந்தால், முன்வரிசையில் இருப்பவருக்கு டோப்பா என்று தெரிந்துவிடும்.

அறையில் ஒரே நாற்காலி. அதில் டோப்பா கட்டும் மரத்தலை உட்கார்ந்திருந்ததால் அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள்.

நாடகக் குழுவில் அவள் பெயர் முடியக்கா. நடிக்க வந்தவள் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. தோழி, தாதி, கூட்டத்தில் ஒருத்தி என்று எது கொடுத்தாலும் நடித்தாள். மேடையேறிய நாளுக்குத்தான் கூலி. ஒத்திகைக்கு டீயோடு சரி. டோப்பா கட்டித்தான் வாடகையை ஒப்பேற்றினாள்.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டுப் பேசினார்.

"முடியக்கா, இனிமே உங்களுக்கு மாசச் சம்பளம். ஆனா நாடகம் நடக்கிறப்ப நீங்க திரைக்குப் பின்னாடியே இருக்கணும். வேஷம் கட்ட முடியாது."

"புது நாடகத்துல கிழ அரசி யாருன்னு இன்னும் சொல்லலையே?"

"முதல்ல டோப்பா முடியட்டும். பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அளவு நாடாவைத் தன் தலையைச் சுற்றிப் பிடித்தாள். மரத்தலைமேல் துணி சுற்றி அதே அளவுக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல்தான் வலையைத் தைத்தாள்.

நடுவில் அக்காவின் போன்.

"மாசச் சம்பளமா? வாயை மூடிக்கிட்டு சரின்னு சொல்லுடி. இன்னும் எத்தனை நாளைக்குச் செத்த ராணி பக்கத்துல அழுதுக்கிட்டு நிப்பே?"

"அந்த அழுகைக்கும் காசு குடுத்தாங்கக்கா."

"எவ்வளவு? வெங்காயம் வாங்கவா?"

இருவரும் சிரித்தார்கள். போனை வைத்ததும் அறை முன்னைவிட அமைதியாகிவிட்டது.

ஒப்பனை அறைக்கு டோப்பாவைக் கொண்டுபோனபோது, கண்ணாடி முன்னால் சீரியல் நடிகை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அரசி வேஷம் அவளுக்காம். மாட்டிவிட்டதும் டோப்பா புருவம் வரை சரிந்தது.

"யார் தலைக்கு அளவெடுத்தீங்கக்கா? பூசணிக்காய்க்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். முடியக்காவும் சிரித்தாள். மேலாளர் மட்டும் அவள் தலையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அளவு தப்பிடுச்சும்மா. நாளைக்குத் தரேன்" என்று சொல்லி நாடாவை எடுத்தாள்.

அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டாள். ஒரு தரம் தலையில் வைத்துப் பார்க்கலாமே என்று கை போனது. வியர்வை பட்டால் வலை தளர்ந்துவிடும். கையை இழுத்துக்கொண்டாள். மரத்தலையில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு சுற்றாக, புது அளவு வரும்வரை உருவினாள். பிடரித் தையலைப் பிரித்து வலையை உள்ளே மடித்தாள். முன்நெற்றியைத் தொடவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் ஒப்பனை அறை வாசலிலேயே மேலாளர் நின்றிருந்தார்.

"அப்ப ஒண்ணாம் தேதியிலேர்ந்து சம்பளம் போட்டுடவா முடியக்கா?"

டோப்பா இருந்த பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போட்டுடுங்க" என்றாள்.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். நரைமுடியை இரண்டு கைகளாலும் தூக்கி நடிகையிடம் கொடுத்தாள்.

"முன்னால மட்டும் சீப்பு போடாதீங்கம்மா. ஒத்தை மயிரா கட்டியிருக்கேன்."