ஊசி போன இடம்

அவரை எல்லாரும் ரேடியேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தோண்டும் இயந்திரம், ரோலர், கிரேன் என்று எது படுத்தாலும் வந்து எழுப்பிவிடுகிற மெக்கானிக். அவருடைய பழைய வேன் வேலை நடக்கும் இடத்துக்குள் நுழைந்ததுமே யாராவது ஒருவன், “ரேடியேட்டர் வருது, மூடியத் திறந்துடாதீங்கடா” என்பான். அது காதில் விழும். அதற்கும் கோபம் வரும். கழலாத நட்டின் மேல் கோபம், டீயில் சர்க்கரை கூடினால் கோபம், கை கழுவ ஒரு துண்டு சோப்பு வைக்கத் துப்பில்லாத கம்பெனிகள் மேல் தீராத கோபம். இத்தனையையும் சுமந்துகொண்டே கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பாதித் தலைமுடியையும் தொலைத்திருந்தார்.

அன்று காலை கொதித்தது மனைவி.

“என் தம்பி பொய் சொல்றான்னு சொல்லிட்டு வந்தது நீங்கதானே? இன்னிக்கு அவன் வேலை போச்சுன்னா, அந்த டூல் பாக்ஸத் தலைக்கு வச்சுக்கிட்டு வேன்லயே படுத்துக்கோங்க.”

“நான் எங்க பொய்னு சொன்னேன்? மிஷின்ல ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும். அதனால் பாதி டீயை வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினார்.

மச்சினன் ஓட்டுகிற தோண்டும் இயந்திரம் மழைக்காலத்தில் வேலை நடுவே அணைந்து அணைந்து போனது. அப்போது ரேடியேட்டர்தான் போய்ப் பார்த்தார். எஞ்சினுக்குப் பின்னால் சுற்றும் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்தபடி விரல் பருமனில் ஒரு சென்சார் இருக்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் அது ஒரு துடிப்பு அனுப்பும். எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று இயந்திரத்தின் மூளைக்குத் தெரிவது அதை வைத்துத்தான். துடிப்பு வராவிட்டால் டீசலை நிறுத்திவிடும். அந்தச் சென்சார் செத்துக்கிடந்தது. புதிது போட்டார், சோதித்தார், துடிப்பு சுத்தமாக வந்தது. போகிற போக்கில் மேனேஜரிடம் கெத்தாக ஒரு வார்த்தையும் விட்டார்: “இனிமே நின்னா மிஷினப் பாக்காதீங்க, ஓட்டுறவனப் பாருங்க.”

மழை விட்டுக் கொஞ்ச நாளில் இயந்திரம் மறுபடி நிற்க ஆரம்பித்தது. மேனேஜர் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மச்சினன் தூங்குகிறானாம்.

ரேடியேட்டர் போய் இறங்கியபோது, மச்சினனுக்குப் பதிலாக மேனேஜர் வரவழைத்திருந்த புது ஓட்டுநர் மடியில் பையுடன் நிழலில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் இயந்திரத்தின் கூண்டுக்குள் இருந்தான்.

“வாங்க மாமா. பொய்யனப் பாக்க வந்தீங்களா?”

“வாய மூடிட்டு ஸ்டார்ட் பண்ணுடா.”

இயந்திரம் ஒரே முறுக்கில் கிளம்பி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக உறுமிக்கொண்டிருந்தது. மேனேஜர் சிரித்தார். “பாத்தீங்களா? நீங்க இருந்தா நிக்காது. நீங்க போனாத்தான் இவனுக்கும் கண்ணு சொக்கும், அதுக்கும் கண்ணு சொக்கும்.”

ரேடியேட்டருக்குக் காது மடல் சுட்டது. சூடேறும்வரை தோண்டச் சொன்னார். அவன் தோண்டினான்; மண் குவிந்தது; வெயில் உச்சிக்கு வந்தது; சனியன் நிற்கவே இல்லை. அவர் யோசித்தார். சென்சார் புதிது. மிச்சம் இருப்பது வயர்தான். மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கிவைக்கச் சொல்லிவிட்டுக் கத்தினார்: “ரெண்டு கையையும் ஜன்னலுக்கு வெளிய நீட்டுடா! எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்.”

மச்சினன் நீட்டினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ரேடியேட்டர் அதன் மேல்மூடியைத் தூக்கி, சென்சாரிலிருந்து வரும் வயரைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் லேசாக வளைத்ததும் எஞ்சின் ஒரு விக்கு விக்கிச் செத்தது.

“சாவியத் தொட்டானா? சொல்லுங்க சார், தொட்டானா?”

மேனேஜர் குனிந்து எட்டிப் பார்த்தார். ரேடியேட்டர் வெற்றிக் களிப்போடு வயரின் மேலுறையைப் பிரித்தார். ஒரு குத்துத் துளை. சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. உள்ளே தாமிரம் பொடியாகி, ஓரிரு இழைதான் மிச்சம்.

துளையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது எலிப் பல் இல்லை, ஊசி. சென்சார் மாற்றிய அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. வயரின் இணைப்பைக் கழற்றிச் சோதிக்க வேண்டுமானால் முன்னால் இருக்கும் இரும்புத் தகட்டைத் திறக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகள். எரிச்சலில், துடிப்பு வருகிறதா என்று பார்க்கும் மீட்டரின் ஊசியை வயரிலேயே குத்திப் பார்த்துவிட்டுப் போயிருந்தார், மற்றவர்கள் செய்தால் கெட்ட வார்த்தையில் திட்டுகிற அதே காரியத்தை. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

“எலியா மாமா?” என்றான் மச்சினன் மேலிருந்து.

“எலிதான்” என்று மேனேஜரே முந்திக்கொண்டார். “நேத்து கீத்து கடிச்சிருக்கும். அது இன்னிக்குக் கதை. அதுக்கு முன்னாடி நின்னதெல்லாம்? அதுக்கு எலி வந்து சாட்சி சொல்லுமா?” நிழலில் இருந்தவரைப் பார்த்து, “நீங்க வாங்க” என்றார். புது ஓட்டுநர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

கோபப்பட இவ்வளவு பொருத்தமான ஆள் ரேடியேட்டருக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. ஆனால் அந்த ஆள் தானேதான்; அடிக்கக் கை எட்டவில்லை. ஸ்பேனரைத் தரையில் ஓங்கி அடித்தார்.

“எலி இல்லய்யா! நான்! நான் குத்துன ஊசி! அன்னிக்கு மழையில தகட்டக் கழட்டச் சோம்பல்பட்டு வயர்ல குத்துனேன். தாமிரம் இப்படிப் பச்சை பூத்து உதிர ஒரு நாள் பத்தாது. அன்னையிலேருந்து அரிச்சுட்டு வந்திருக்கு. இவன் நின்னுச்சுன்னு சொன்னப்பெல்லாம் நிஜமாவே நின்னிருக்கு. கேட்டுதா? இல்ல, இன்னும் கத்தணுமா?”

இன்னும் கத்த வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் கல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்போ உங்கள நம்பி இனிமே எப்படிக் கூப்பிடுறது?” என்றார் மேனேஜர்.

“கூப்பிடாதீங்க! இத முடிச்சுட்டுப் போறேன்.”

அன்று மல்லுக்கட்டாமல் விட்ட போல்ட்டுகளை இன்று மல்லுக்கட்டிக் கழற்றினார். அரித்த துண்டை வெட்டியெறிந்து, புது வயர் சேர்த்துப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி உறை மாட்டி, சூட்டில் சுருக்கி மூடினார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வயரை வெறிபிடித்தவர் மாதிரி ஆட்டினார். எஞ்சின் ஒரு விக்குகூட விக்காமல் ஓடியது. நிமிர்ந்து பார்த்தால், ஸ்டார்ட் செய்த கையோடு மச்சினன் மறுபடி இரண்டு கையையும் வெளியே நீட்டி வைத்திருந்தான்.

“அதான் முடிஞ்சுதே, கைய உள்ள எடுடா!”

“நீங்க சொல்லி நீட்டுனது போதும் மாமா.” அவன் மேனேஜரைப் பார்த்தான். “அவரச் சொல்லச் சொல்லுங்க.”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். பையுடன் நின்றவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “சரிப்பா, எடு. வேலையப் பாரு.”

“யாரு வேலைய சார்?”

“உன் வேலையத்தான்.”

கைகள் உள்ளே போயின. பக்கெட் எழுந்தது. மச்சினன் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவருக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

ரேடியேட்டர் கிரீஸ் கையோடு குழாயடிக்குப் போனார். சோப்பு இல்லை.