பரிமளா அணைக்காத கற்பூரம்

பரிமளாவைத் திருடி என்று சொல்பவர்கள் ஆரணியில் இன்னும் இருக்கிறார்கள். சொல்கிற வாயை யார் அடைப்பது? ஆனால் அவள் எதைத் திருடினாள், எப்படித் திருடினாள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. “அவளே ஒத்துக்கினாளே” என்பார்கள். அவள் ஒத்துக்கொண்டது என்ன என்று இவர்களில் ஒருவராவது நின்று கேட்டதுண்டா?

நெசவாளி மாணிக்கவேலுக்கு அவள் ஒரே மகள். பிளஸ் டூ முடித்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். பட்டு வியாபாரி ஜெயச்சந்திரன் அப்போதுதான் புடவை டிசைன் போடக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதுவரை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணமடித்துக்கொண்டிருந்த வேலையைத் திரையில் செய்ய ஆள் வேண்டும். “நம்ம பாவுல நெய்யற மாணிக்கவேல் பொண்ணு இருக்கே” என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பன் தறியில் ஓடுவதும் அவர் நெய்யக் கொடுத்த பாவு நூல், மகள் உட்காருவதும் அவர் போட்ட நாற்காலி. குடும்பமே அவர் கைக்குள்!

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. முந்தானையில் அன்னம் கேட்டால் அன்னம், கொடி கேட்டால் கொடி. ஆவணி முகூர்த்தத்துக்கு வரப்போகிற டிசைனை ஆடி முடியும்வரை வெளியாள் கண்ணில் காட்டக்கூடாது என்பது அந்த ஊர்த் தொழிலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கட்டுப்பாடு. பரிமளா தன் அப்பாவிடம்கூடக் காட்டியதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் டிசைன் சாஃப்ட்வேர் முதல் எல்லாமே டுப்ளிகேட். ராஜ்குமார் என்ற மெக்கானிக், முதலாளி சொன்னதால், எங்கிருந்தோ சிடி கொண்டுவந்து போட்டுக்கொடுத்தது. ஒருநாள் அப்டேட் போடவா என்று திரை கேட்டது. பரிமளா சரி என்று அமுக்கினாள். அவ்வளவுதான், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் திரை கறுத்துப்போய், இது ஒரிஜினல் இல்லை என்று எழுதிக் காட்டியது. ஒருநாள் வேலை கெட்டுப்போயிற்று. ஜெயச்சந்திரன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

“இன்னாத்த அமுக்குன?”

“அப்டேட் கேட்டுச்சு முதலாளி. சரின்னு போட்டேன்.”

“அது கேட்டா குடுத்துடுவியா? இனிமே அது இன்னா கேட்டாலும் வேணாம்னு அமுக்கு. எதுக்கும் அப்டேட் போடாத. தெரிதா?”

பரிமளா தலையாட்டினாள். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

மெயிலில் வருகிற பி.டி.எஃப். ஆர்டர்களைத் திறந்து படிக்க ஒரு ரீடர் இருந்தது. அது இலவசம். அந்தப் பெட்டியிலேயே திருட்டுத்தனம் இல்லாத ஒரே சாமான் அதுதான் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கத்தில் அந்த ரீடரும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்ட ஆரம்பித்தது. பாதுகாப்புக் குறை இருக்கிறது, புதிய பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் கெஞ்சியது. பரிமளா அதைப் படித்துவிட்டு முதலாளியிடம் போனாள்.

“முதலாளி, இது வேற. பாதுகாப்புக்குன்னு போட்டிருக்கு. காசு இல்ல, சும்மாதான்.”

“கடைக்குப் பூட்டு இருக்குது, வாசல்ல வாட்ச்மேன் இருக்கான். அதுக்கு மேல இன்னாம்மா பாதுகாப்பு? போய் வேலையப் பாரு.”

மறுபடியும் ஒருமுறை கேட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை. தினமும் காலையில் வந்ததும் அந்தப் பெட்டியை மூடிவிட்டு வேலையைத் தொடங்குவாள். எரிச்சலாகத்தான் இருக்கும். சம்பளம் வாங்குகிறவள் எவ்வளவு தூரம் வாதாட முடியும்?

மாசி கடைசியில் ஒரு மெயில் வந்தது. பெங்களூர்க் கடை ஒன்றின் பெயரில், பெரிய ஆர்டர், விவரம் இணைப்பில் என்று இருந்தது. ஜெயச்சந்திரன் அவள் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

“ஜல்தி தொறம்மா. இன்னா பாத்துகினு இருக்க?”

திறந்தாள். ரீடர் ஒரு நிமிடம் விக்கித்து நின்றது, தானாக மூடிக்கொண்டது, பிறகு வெற்றுத்தாள் ஒன்றைக் காட்டியது. “சரியா அனுப்பத் தெரியாத பசங்க” என்று முதலாளி முணுமுணுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஆமை வேகம். யாரும் எதுவும் செய்யாதபோதும் நெட் பெட்டியின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஆடி பிறந்ததும் ஜெயச்சந்திரன் சென்னை போய் வந்தார். வந்தவர் ஒரு புடவையை அவள் மேசைமேல் விசிறியடித்தார். விசைத்தறியில் ஓட்டிய மலிவுச் சரக்கு. முந்தானையில் அவள் அந்த வருடத்துக்கென்று போட்டுவைத்த அன்னமும் கொடியும், ஒரு புள்ளி மாறாமல். பரிமளா புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாருக்குக் குடுத்த?” என்றார்.

“சத்தியமா யாருக்கும் குடுக்கல முதலாளி.”

“பெட்டி உன் கைல. சாவி உன் கைல. பின்ன பேயா வந்து எடுத்துகினு போச்சு?”

அழுதுகொண்டே ராஜ்குமார் கடைக்கு ஓடினாள். அவன் வந்து பெட்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னான்.

“அக்கா, அந்த பெங்களூர் ஃபைலுக்குள்ள திருட்டு ப்ரோக்ராம் இருந்திருக்கு. ரீடர்ல இருந்த ஓட்டை வழியா உள்ள பூந்து, டிசைன எல்லாம் வெளிய அனுப்பிகினே இருந்திருக்கு. அப்டேட் போட்டிருந்தா ஓட்டை அடைஞ்சிருக்கும்.”

“இதையே வந்து சொல்லுடா ராஜ்குமார். உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“டுப்ளிகேட் போட்டது யாருன்னு அடுத்தாப்ல கேப்பாங்களே அக்கா. என் கடைய இழுத்து மூடிடுவாங்க.”

பரிமளாவை விசாரிக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். வியாபாரிகள், நெசவாளிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மாணிக்கவேல் தூணோரம் நின்றார். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள்.

“நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல” என்றார் ஜெயச்சந்திரன். “என் கையால டிசைன் வெளிய போகலன்னு சத்தியம் பண்ணி கற்பூரத்த அணைச்சிட்டுப் போ. வேலையும் உனக்குத்தான்.”

இரண்டு வார்த்தை சொல்லி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது. பரிமளா கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஃபைலை அமுக்கித் திறந்தது இதே விரல்தானே! அம்மன் எதிரில் என் கையால் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? பயம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அந்தப் பாவிப் பெண் வாய் திறந்தாள்.

“நான் யாருக்கும் குடுக்கல. ஆனா அந்த ஃபைலத் தொறந்தது என் கைதான். அது வழியாத்தான் போச்சு...”

“ஒத்துக்கினா பாரு!” என்று ஒரு குரல். அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. ஓட்டை என்றாள், ரீடர் என்றாள். சிரித்தார்கள். ராஜ்குமார் கூட்டத்தின் கடைசியில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்டேட் போடாதன்னு முதலாளிதான் சொன்னாரு” என்று கத்தினாள். “இல்லன்னா அவரு அணைக்கட்டும்!”

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ஜெயச்சந்திரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“அப்டேட் போட வேணாம்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. தாயே, நீயே சாட்சி.”

தட்டினார். கற்பூரம் அணைந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டு போனார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது.

தேசூரிலிருந்து பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் மறுவாரமே கைவிட்டுப் போயிற்று. ஆரணியில் எந்தக் கடையிலும் அவளைக் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் விடவில்லை. களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் தவிடு கூட்டி மூட்டை கட்டும் வேலைக்குப் போகிறாள். மாணிக்கவேலுக்குப் பாவு மட்டும் நிற்கவில்லை. ஜெயச்சந்திரன் பெருந்தன்மைக்காரர் என்று ஊர் பேசியது.

போன மாதம் களம்பூர் பஸ்ஸில் ராஜ்குமார் ஏறினான். அவளைப் பார்த்ததும் நெளிந்துகொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

“முதலாளி எல்லாத்தையும் ஒரிஜினலா மாத்திட்டாருக்கா. காலைல வந்ததும் மொதல்ல அப்டேட் போட்டியான்னுதான் கேக்கறாரு.”

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

“அத யாருக்கா இப்போ பேசறாங்க?”

அன்று மாலை சாப்பாடு போடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னாள். மாணிக்கவேல் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே, வருடமெல்லாம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

“நீயும் அணைச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் பரிமளா?”

“ஒண்ணும் ஆயிருக்காதுப்பா” என்றாள். “அவருக்கு இன்னா ஆச்சு?”