கடைசிப் பத்து நிமிடம் மட்டும் பார்த்த படம்

பத்திரிகை ஆசிரியரிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லுவேன். எழுபதைத் தாண்டியதிலிருந்து மறதியும் சேர்ந்துகொண்டது. ஞாபகம் இருக்கிறவரை எழுதுகிறேன்.

இது நடந்தது பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் ஞாயிறா இரண்டாவதா என்று சரியாகத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டி பக்கம், கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் காலனி எங்களுடையது. நாலு வரிசை வீடு, நடுவில் மைதானம், ஓரத்தில் ரேஷன் கடை. எங்கள் மகளிர் குழுவின் ஆண்டு விழாவுக்கு வழக்கமாக ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவார்கள், ஆடுவார்கள், கடைசியில் யாராவது இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை அது வேண்டாம், மைதானத்தில் திரை கட்டி, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு சினிமா போடலாம் என்று முடிவானது.

குழுத் தலைவி, தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிற பெண். விவரம் தெரிந்தவள். பென்டிரைவில் ஏற்றிப் போட்டுவிடலாம் என்று ஆண்கள் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை. டிக்கெட் போடாவிட்டாலும், பொது இடத்தில் காட்டுகிற படத்துக்கு அதன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம்.

"புள்ளைங்கள உக்கார வெச்சி திருட்டுப் படமா காட்டுவாங்க?" என்று கேட்டாள்.

எந்தப் படம் என்பதில்தான் சத்தம் கிளம்பியது. ரேஷன் கடை வாசலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சாமி படம் போடுங்க."

"அப்போ சர்ச்சுக்குப் போறவங்க இன்னா, ஊட்ட பூட்டிகினு உள்ள உக்காரணுமா?"

"சண்டப் படம் போட்டா தான் எங்க ஊட்டுக்காரு வருவாரு."

"உங்க ஊட்டுக்காரு வந்தா சண்ட தனியா நடக்கும். வேணாம்மா தாயே."

சிரிப்பு அடங்கியதும் யாரோ சொன்னார்கள்: "தியேட்டர் ஆயாவ கேளுங்கடி. இருவது வருசம் தியேட்டர்லயே கெடந்துது. அதுக்குத் தெரியாத படமா?"

தியேட்டர் ஆயா நான்தான். அந்தத் தியேட்டர் இப்போது குடோன் ஆகிவிட்டது. அதில் நான் பெருக்குகிற வேலை செய்தேன். படம் ஓடும்போது எனக்குக் கழிவறைப் பக்கம் வேலை இருக்கும். முடிய பத்து நிமிடம் இருக்கையில் துடைப்பத்தோடு உள்ளே வந்து சுவரோரம் நிற்க வேண்டும். விளக்குப் போட்டதும் அடுத்த ஆட்டத்துக்குள் பெருக்கியாக வேண்டும். அதனால் நான் பார்த்ததெல்லாம் கடைசிப் பத்து நிமிடம்தான். அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுவார்கள், எதற்குப் பிரிந்தார்கள் என்று தெரியாது. கல்யாணம் நடக்கும், யார் தடுத்தார்கள் என்று தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்ததும், என்னை விட்டால் போதும் என்று, நினைவுக்கு வந்த ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்லிவிட்டேன். எங்கள் தியேட்டரில் வருஷா வருஷம் திரும்பப் போட்ட படம் அது, அதன் கடைசிக் காட்சி எனக்கு மனப்பாடம். பெரிய குடும்பம் ஒன்று வரிசையாக இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடும். ஒரு சின்னப் பெண் அப்பளத்தைத் தன் தலையில் வைத்து உடைப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். திரையில் 'வணக்கம்' போட்டுவிடுவார்கள். ஒரே ஒரு இலையில் மட்டும் சோறு இருக்கும், ஆள் இருக்காது. கை கழுவப் போயிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"நல்ல குடும்பப் படம். கடசில எல்லாரும் ஒண்ணா சேந்துடுவாங்க" என்றேன்.

தலைவி செல்போனில் தேடிப் பார்த்து, "யூ சர்டிபிகேட் தான். அப்பறம் இன்னா!" என்றாள். அதோடு முடிந்தது.

அந்தக் கூட்டத்துக்கு வராதவள் எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுப் பெண். நான் மூன்றாவது வீடு. முந்தின வருஷம் அவளுடைய வீட்டுக்காரர் வேலை செய்த இடத்தில் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோனார். அதிலிருந்து அவள் வேலைக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். காதுகுத்து, கல்யாணம், எதற்கும் வந்ததில்லை. பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. படம் முடிவான மறுநாள் அவளே என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"பாப்பா கேட்டுகினே கீது பெரிம்மா. நீ சொன்ன படமாமே? நீ சொன்னா நல்லா தான் இருக்கும். வர்றோம்" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அனுமதிக் கடிதத்தில் குழுவிலிருந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தலைவி என்னையும் மின்சார ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போனாள். கோடம்பாக்கம் பக்கம், ஒரு மாடியில் சின்ன அலுவலகம். கண்ணாடி போட்ட ஒருவர் கடிதத்தை வாசித்துக் காட்டினார். படத்தின் பெயர், எங்கள் மைதானம், தேதி, ஒரே ஒரு காட்சி, டிக்கெட் போடக் கூடாது, படத்தில் எதையும் வெட்டக் கூடாது. கையெழுத்துப் போட்டோம். தலைவி ஆதார் நகல் எடுக்கக் கீழே போனாள்.

அவர் சும்மா இருக்க வேண்டாம் என்று பேச்சுக் கொடுத்தார். "நல்ல படம்மா. ஆனா மில்லுல அந்த அப்பா மெஷின்ல மாட்டிக்கிற எடம் வந்தா நான் எழுந்து போயிடுவேன். எத்தனை வருஷமானாலும் அதை மட்டும் பாக்க முடியறதில்ல."

அவர் சொன்னது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையில் இருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டேன். முகம் தெரியாத மனிதர் என்பதாலோ என்னவோ, யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். துடைப்பத்தை, கடைசிப் பத்து நிமிடத்தை, நாலாவது வீட்டை, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை.

"வேற படம் மாத்தித் தர முடியாதுங்களா?"

"முதலாளி கையெழுத்துப் போட்டாச்சும்மா. மாத்தணும்னா அவர் வெளியூர்லேருந்து வரணும். உங்க தேதி தாண்டிடும்."

"அந்த எடத்த மட்டும் வெட்டிட்டா?"

"வெட்ட மாட்டோம்னு இப்பதான் கையெழுத்துப் போட்டீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா, நடுவுல எழுந்து வெளிய போகக் கூடாதுன்னு அதுல எங்கயும் எழுதல."

பிறகு கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீங்க ஜன்னல் பக்கம் பாத்து உக்காருங்கம்மா" என்றார். சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைத் தேடிப் போட்டார். பார்க்க முடியாது என்று சொன்னவர், கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்த்தார். முடிந்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். துண்டுச் சீட்டில் எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். மில் சங்கு ஊதும்போது எழுந்துகொள்ள வேண்டும். படத்தில் ரயில் கூவினால் திரும்பி வரலாம். நடுவில் ஒன்பது நிமிடம்.

"முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. சொல்லாம கையைப் புடிச்சு இழுத்துடாதீங்க" என்றார்.

திரும்பும் ரயிலில் தலைவியிடம் சொன்னேன். "இன்னா பெரிம்மா இது! பத்து நிமிசத்த வெச்சிகினு இத்தினி நாளு எங்கள ஏமாத்திகினு இருந்தியா?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். மீதியையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அவள வர வேணாம்னு சொல்லிடலாம். ஏதாவது காரணம் சொல்லிக்கலாம்" என்று பொன்னேரி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு வருஷம் கழித்து வெளியே வருகிறேன் என்றவளை வராதே என்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலமே நாலாவது வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் படம் முழுசாகப் பார்த்ததில்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"சங்கு ஊதுனா எழுந்துக்கணும். அவ்ளோ தான?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டத் தொடங்கியதும் படம் போட்டார்கள். காலனி மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும், எழுந்து போகச் சுலபமாக இருக்கட்டும் என்று ஓரத்தில் உட்கார்ந்தோம். நான் படத்தையே பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன்.

சங்கு ஊதியது. நான் எழுந்து குழந்தையின் கையைப் பிடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீ பாப்பாவ கூட்டிகினு போ பெரிம்மா. நான் பாக்கணும்."

"வேணாம்மா..."

"எனக்கும் கடசி தான் காட்னாங்க. வெள்ளத் துணில சுத்தி. நடுவுல இன்னா ஆச்சுன்னு எவனும் சொல்லல. யார கேட்டாலும், ஒரே நிமிசத்துல முடிஞ்சிடிச்சின்னு மட்டும் சொன்னாங்க."

பின்னாலிருந்து, "ஆயா, உக்காரு! மறைக்குது!" என்று குரல் வந்தது. நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

ரேஷன் கடைக்கு அந்தப் பக்கம் கரும்புச் சாறு வண்டி நின்றிருந்தது. அதன் மணிச் சத்தத்தில் படத்தின் சத்தம் அதிகம் கேட்கவில்லை. குழந்தை சாறு குடித்துக்கொண்டே, "அம்மா வரலியா ஆயா?" என்று கேட்டது. "அம்மா எடம் புடிச்சிகினு உக்காந்திருக்குது" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த ஒன்பது நிமிடம் எனக்கு நீளமாகத்தான் இருந்தது. ரயில் கூவியதும் திரும்பினோம்.

அவள் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். முகத்தை நான் பார்க்கவில்லை. நாங்கள் உட்காரப் பாயில் இடம் விட்டாள்.

எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி வந்தது. இலைகள், அப்பளம், சிரிப்பு. மைதானமே சிரித்தது. குழந்தை என் முழங்கையை இடித்து, "ஆயா, அந்த எலைக்கு மட்டும் யாரும் வரலியே?" என்றது.

கை கழுவப் போயிருப்பாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மா சொன்னாள்: "அது அவங்க அப்பாவோட எல."

குழந்தை "ஓ" என்றது. விளக்குப் போடும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இலையை இருபது வருஷம் பார்த்தவள் நான்.

மறுநாள் காலையில் மைதானத்தைப் பெருக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவளும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் பாதி மைதானம் பெருக்கி முடித்தோம். பிறகு அவளாகவே, "ஒம்போது நிமிசம்லாம் ஆவல பெரிம்மா. சீக்கிரமாத்தான் முடிஞ்சிடிச்சி" என்றாள். குப்பையை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

இப்போதும் யாராவது ஒரு வீட்டுத் துக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வருவதில்லை. யாருடைய கதைக்கும் நான் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் துடைப்பத்தோடு வந்து நிற்கிறவள்தான்.

எந்த ஞாயிற்றுக்கிழமை, எத்தனை நிமிடம் என்பதிலெல்லாம் நான் தப்பாக எழுதியிருக்கலாம். அச்சில் போடுவதற்கு முன் நாலாவது வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். படத்தை முழுசாகப் பார்த்தவளும் அவள்தான்.