மஞ்சள் எழுத்து

எங்கள் வீட்டில் அக்கா எல்லோருக்கும் முந்திச் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் அப்படியே கண்ணில் நிற்கிறது. சேலையூர் வீட்டுக் கூடம். அப்பா சாய்வு நாற்காலியில் கிடந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எந்த நாடு, என்ன பாஷை, ஒரு இழவும் தெரியாது. மாவு மில் வைத்திருக்கும் குண்டு மனிதர் ஒருவரும், அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் கொண்டை போட்ட விதவை ஒருத்தியும் ஒரு கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திரைக்கு அடியில் அவர்கள் பேசுவது ஆங்கிலத்தில், மஞ்சள் எழுத்தில் வந்து வந்து போயிற்று. நானும் அப்பாவும் பாதி வரியைத் தாண்டுவதற்குள் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

அக்காவுக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்வரை அவள்தான் எங்கள் தெருவுக்கே ரேடியோ. தாம்பரம் தியேட்டரில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், வசனம் முழுவதையும் ஆண் குரல் பெண் குரல் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவாள். அப்புறம் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், காது பிழைக்கவில்லை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசிய எதுவும் கேட்காமல் அவள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சு போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் அது கொஞ்சம் தட்டையாகவும் உரக்கவும் ஆகிவிட்டது. எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். தாம்பரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வேடுகள் டைப் அடித்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தை அவள் படிக்கும் வேகம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. எல்லாவற்றையும் சமாளித்தவளால் சினிமாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. தமிழ்ப் படத்தில் கதாநாயகன் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான். வில்லனுக்கு உதட்டை மூடி மீசை. “என்ன சொன்னான்?” என்று அக்கா கேட்பாள். “அப்பறம் சொல்றேன்டி” என்பாள் அம்மா. அந்த அப்புறம் வருவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். நாங்கள் சிரித்தால் அக்காவும் ஒரு கணம் பிந்திச் சிரிப்பாள். இதில் அம்மாவுக்குப் பெருமை வேறு. காது கேட்காவிட்டால் என்ன, எங்களோடு உட்கார்ந்து எல்லாப் படமும் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

கோழிப் படம் வீட்டுக்கு வந்ததே ஒரு தப்பினால்தான். அப்போது எனக்கு மீனம்பாக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்தால் பல்லாவரம் சந்தையைச் சுற்றாமல் வீட்டுக்கு வரமாட்டேன். தார்ப்பாய் விரித்து, அதில் பழைய டிவிடிகளைக் கொட்டி வைத்திருப்பான் ஒருவன். அவனிடம் ஒரு தமிழ் நகைச்சுவைப் படம் வாங்கினேன். வீட்டில் பிரித்தால் அட்டைதான் நம் ஊர், உள்ளே இருந்தது வேறு. “உன்னை எவன் வேணா ஏமாத்தலாம்டா” என்று அப்பா ஆரம்பித்தார். வேறு வேலை இல்லாததால்தான் அதை ஓட விட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவும் கூட வந்தாள். கடைக்காரன் என்னைப் பார்த்ததுமே, “தப்பா பூந்துகீதுண்ணா, மாத்திக் குட்த்துர்றேன்” என்று கையை நீட்டினான். மாற்ற வேண்டாம், இதே மாதிரி இன்னும் இருந்தால் எடு என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடி வீடுகளைக் காலி செய்துவிட்டு வெளிநாடு போகிறவர்கள் மூட்டையாகப் போட்டுவிட்டுப் போனவை, மூடிப்போன டிவிடி வாடகைக் கடைகளிலிருந்து வந்தவை என்று அவனிடம் ஒரு கோணி நிறைய இருந்தது. யாரும் சீண்டாத கோணி. அக்கா தார்ப்பாயின் ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உலக சினிமா சேர்க்கிறவர்கள் இயக்குநர் பெயரைப் பார்ப்பார்கள், விருது பார்ப்பார்கள். அக்கா பார்த்தது ஒன்றே ஒன்று: எழுத்து மஞ்சளா, வெள்ளையா. வெள்ளை எழுத்து பனி பெய்யும் நாட்டுப் படங்களில் உதவாது. பனியும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை, இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்துபோகும். ஒரு படத்தில் கணவன் பனியில் நின்றபடி மனைவியிடம் எதையோ ஒப்புக்கொள்கிறான். அவள் அழுகிறாள். அவன் என்னதான் ஒப்புக்கொண்டான் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அக்கா அட்டையில் பனி தெரிந்தாலே ஒதுக்கிவிடுவாள். கடைக்காரன் டிவிடிகளைச் சோதிக்க ஒரு சின்னப் பிளேயர் வைத்திருந்தான். நாளடைவில் அவனே போட்டுப் பார்த்துத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தான். தூரத்தில் எங்களைக் கண்டதுமே, “அக்காவாண்ட சொல்லுண்ணா, மஞ்சா எய்த்து வந்துகீது” என்பான். ஒருமுறை தாடி வைத்த கல்லூரிப் பையன் ஒருவன் அக்கா பொறுக்குகிற அழகைப் பார்த்துவிட்டு, பெரிய ரசிகை என்று நினைத்து, ஐரோப்பியப் படங்களைப் பற்றி அவள் அபிப்பிராயம் கேட்டான். நல்லா இருக்கும், குளிர்காலம் இல்லாம பாத்து வாங்குங்க என்றாள் அக்கா. அவன் அதற்கு ஏதோ ஆழமான அர்த்தம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனான்.

சந்தையிலிருந்து வரும் டிவிடிகளில் ஊர்ப்பட்ட அழுக்கு இருக்கும். அம்மா சோப்புத் தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி, முறத்தில் பரப்பி நிழலில் காய வைப்பாள். கீறல் விழுந்த இடத்தில் அக்கா பற்பசை தடவித் தேய்ப்பாள். அதில் பாதி பிழைக்கும். பிழைத்தவை பீரோவின் கீழ்த்தட்டில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. புடவை மேல்தட்டுக்குப் போயிற்று, பிறகு டிரங்குப் பெட்டிக்குப் போயிற்று. கோபக்காரி அம்மா. ஆனால் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் அப்பா படித்துச் சொல்வார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதி எழுதி அவருக்கு எதையும் சுருக்கிப் பழக்கம். திரையில் ஒருத்தி கண்ணீரும் கம்பலையுமாக நெடுநேரம் பேசுவாள். “போகாதங்கறா” என்பார் அப்பா. “இவ்ளோ நேரம் பேசனாளே, அவ்ளோதானா?” என்று அம்மா சண்டைக்கு வருவாள். அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா, “தப்பு தப்பு, போனா திரும்பி வராதங்கறா” என்று திருத்துவாள். காது கேட்காதவள் கேட்கிறவர்களுக்கு வசனம் திருத்துகிற வேடிக்கை வேறு எந்த வீட்டில் நடந்திருக்கும்? அந்தக் கூடத்தில் அந்த இரண்டு மணி நேரம் நாங்கள் எல்லோருமே செவிடுதான். அக்கா ஒருத்திதான் எங்களில் கெட்டிக்காரச் செவிடு. இப்படிச் சொன்னவளும் அவள்தான். சொல்லிவிட்டு அதற்கும் அவளே முதலில் சிரித்தாள்.

அப்பா மார்வலியில் போனார். காரியமெல்லாம் முடிந்து ஊர்க்காரர்கள் கிளம்பிய பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா தானாகவே ஒரு படத்தைப் போட்டாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, வரி வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். தட்டையான அந்த உரத்த குரலில் காதல் வசனமும் ஒன்றுதான், கொலை மிரட்டலும் ஒன்றுதான். ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடும். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் சொல்வாள். ஒரு படம் முடிய ஒரு பொழுது ஆகும். எனக்குப் பொறுமை இருக்காது, எழுந்து போய்விடுவேன். அம்மா அசையமாட்டாள். அப்பா சொன்னதைவிட இவள் சொல்வதுதான் நிறைவாக இருக்கிறது என்பாள். என் கல்யாணத்துக்குப் பிறகும், எனக்குப் பெண் பிறந்த பிறகும், வருஷக்கணக்காக இது நடந்தது. யோசித்துப் பார்க்கிறேன், என் அக்கா சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். அவளுக்கு அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. வேறு யாராலும் செய்ய முடியாத வேலை.

பிறகு புது டிவி வந்தது. சுவரில் மாட்டுகிற பெரிய டிவி, நெட்டில் ஓடுவது. உலகத்துப் படங்களெல்லாம் அதில் வந்து கொட்டின. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அத்தனை பேரும் தமிழ் பேசினார்கள். அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இத்தனை வருஷமாக அடுத்தவர் வாயை நம்பிப் படம் பார்த்தவளுக்கு முதல்முறையாகத் தானே நேராகப் புரிந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. “இனிமே அக்கா தொண்டத்தண்ணி வத்தக் கத்த வேணாம்” என்றாள் என் மனைவி. உண்மையான அன்போடுதான் சொன்னாள்.

அக்காவை விட்டுவிடவில்லை நாங்கள். ஆங்கில எழுத்தையும் கீழே ஓட விட்டோம், அதுவும் மஞ்சள் நிறத்திலேயே. ஆனால் தமிழில் குரல் கொடுக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைக்காரப் போலீஸ்காரன் ஒருவன், வண்டியை எடு என்று மட்டும்தான் சொல்லியிருப்பான். தமிழில் அவன் மாமியாரையும் மெரினா சுண்டலையும் இழுத்து ஒரு நக்கல் அடிப்பான். கூடமே குலுங்கும். கீழே எழுத்தில் இருப்பது, வண்டியை எடு. அக்கா அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்ப்பாள். வண்டியை எடு என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் பெண்ணிடம் கேட்பாள். அது சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சொன்னா புரியாது அத்த” என்று சொல்லும். குழந்தை சொன்னது நிஜம். விளக்கிச் சொன்ன நகைச்சுவை ஆறிப்போன காபிதான்.

சில வாரம் அக்கா அப்படியே உட்கார்ந்து பார்த்தாள். எங்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தாள், பழையபடி ஒரு கணம் பிந்தி. பிறகு ஒருநாள் படம் ஆரம்பிக்கும்போதே எழுந்துகொண்டாள். “நீங்க பாருங்க. எனக்கு டைப்பிங் கொஞ்சம் பாக்கி இருக்கு” என்றாள். அந்தச் சமயம் அவளிடம் டைப் அடிக்க யாரும் வருவதில்லை, பிள்ளைகள் அவரவர் கணினியிலேயே அடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளறையில் பழைய பிளேயரைப் போட்டுக்கொண்டு தனியாகப் பார்த்தாள். கதவு சாத்தியிருக்கும். எப்போதாவது உள்ளேயிருந்து அந்தப் பெரிய சிரிப்பு கேட்கும். அப்போதெல்லாம் அம்மா ரிமோட்டை எடுத்து எங்கள் படத்தின் சத்தத்தைக் குறைப்பாள். அது எதற்கென்று நான் கேட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றது. கொசு மொய்த்தது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், டாக்டர் எல்லோர் முகத்திலும் முகமூடி. ஒருவர் உதடும் தெரியவில்லை. பேசுகிற ஒவ்வொருவர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். உள்ளே எங்களை அதிக நேரம் விடவும் இல்லை. யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என் அக்கா. இதை நினைக்காத நாளில்லை. மனசு ஆறவே இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் டிவியில் ஒரு பழைய தமிழ் நகைச்சுவைப் படம் போட்டார்கள். அக்காவின் மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு, மஞ்சள் எழுத்துப் படங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், நாங்கள் எத்தனையோ முறை பார்த்த படம். மனைவி, பெண், நான், அம்மா. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அம்மா ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டாள். என் பெண், “பாட்டி!” என்று அலறினாள். “நீங்க செல்லுல கேட்டுக்கங்க. எனக்கு வேணாம்” என்றாள் அம்மா. என் மனைவியும் பெண்ணும் செல்லில் அதே படத்தைப் போட்டு, இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை, வசனம் மனப்பாடம்.

சிரிப்புக் காட்சிகள் வந்தன. நாங்கள் சிரித்தோம், பழக்கம் விடுமா? அம்மாவும் சிரித்தாள். ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் பிறகு, கொஞ்சம் பிந்தி. படம் முடிந்ததும் என் பெண் அவளிடம், சத்தம் இல்லாமல் என்னதான் பாத்தீங்க பாட்டி என்று கேட்டாள். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதிலை என்னிடம்தான் சொன்னாள்.

“படத்த எங்கடா பாத்தேன்? நீங்க எப்ப சிரிக்கிறீங்கன்னு உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். இவ்ளோ வருஷமா அவ நம்ம கூட ஒக்காந்து படம் பாக்கறான்னுல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்.”