பேசினில் மிஞ்சிய தண்ணீர்

என் வீட்டுக் குளியலறையில், சோப்புத் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை எனாமல் பேசின் இருக்கிறது. விளிம்பில் நீலப் பட்டை. ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கறுத்துவிட்டது. உள்சுவரில் சிவப்புப் பெயிண்டில் விரல் நீளத்துக்கு ஐந்து கோடுகள், கோணல்மாணலாக, ஒன்றின்மேல் ஒன்றாக. நான் மருத்துவச்சியாக இருந்தவள் என்பதால், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் அளவு என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு ஜீப்பின் ஸ்பிரிங்கை அளந்த கோடு என்று சொன்னால், வயசாகிவிட்டதால் உளறுகிறேன் என்பதுபோல் பார்க்கிறார்கள். போன மாதம் அந்தப் பேசினுக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. அதைச் சொல்வதற்கு முன் டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூருக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு, மருத்துவச்சியாகப் போனேன். அங்கே எல்லோருக்கும் நான் 'மிஸ்ஸி'. எனக்கு இருபத்தாறு வயது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து போனதே அங்கேதான் முதல் தடவை. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து புக்கிட் ரோத்தான் தார்ச்சாலைக்கு வர ஆறு மைல் செம்மண் பாதை. மேலே எவ்வளவு செம்மண் கொட்டினாலும் அடியில் கடலோரக் களிமண், அதனால் ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வோர் இடத்தில் உள்வாங்கிக்கொள்ளும். நடுவே கால்வாய்மேல் ஒரு பலகைப் பாலம். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் நோயாளியை அதுவரை கொண்டுபோவது தோட்டத்து ஜீப். அந்த ஜீப்பை ஓட்டியவர்தான் டிரைவர் அண்ணன்.

ஐம்பதைத் தொட்டவர், ஒல்லி. பலகைப் பாலம் வந்ததும் நெற்றியில் சிலுவை போட்டு, அதே கை இறங்கி வரும்போது கியரையும் மாற்றிவிடுவார். இரண்டும் சேர்ந்துதான் பாலத்தைக் கடக்க வைக்கின்றன என்று நான் கேலி செய்வேன். அவருக்குக் கோபம் வராது. வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

நான் சேர்ந்த வருஷம், வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மகள் இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முதல் குழந்தை மூன்று வருஷம் முன்பு இதே பாதையில் ஜீப்பிலேயே இறந்துபோனது. இந்தத் தடவை ஏழாம் மாதத்திலேயே கொஞ்சம் ரத்தம் கண்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்திருக்கிறது என்று கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சில நாள் படுக்க வைத்து, வார்டில் இடமில்லாததால் அனுப்பிவிட்டார்கள். அசையாமல் படுத்திருக்க வேண்டும், மறுபடி ஒரு சொட்டு கண்டாலும் உடனே கொண்டுவர வேண்டும், குலுங்காமல் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உடனே கொண்டுவருவது என் கையில் இருந்தது. குலுங்காமல் கொண்டுவருவது எப்படி?

ஜீப்போ அப்போது பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த பழைய ஸ்பிரிங்கில் ஒரு பட்டை பலகைப் பாலத்தில் உடைந்துபோயிருந்தது. தோட்டத்து மேனேஜர் துரை சொல்லி, ஆஸ்திரேலியாவிலிருந்து கனமான புது ஸ்பிரிங் செட்டும், குலுக்கலை அடக்கும் அப்சோர்பரும் கிள்ளான் கடை மூலமாக வந்து இறங்கின. டிரைவர் அண்ணன் அந்தப் பெட்டியைப் பிரித்ததைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தார், மூக்கில் வைத்து எண்ணெய் வாசனைகூடப் பிடித்தார். "இனிமே மெத்தையிலதான் மிஸ்ஸி போவீங்க" என்றார்.

எனக்கு எதையும் அளந்து பார்க்காமல் இருக்க முடியாது. காய்ச்சல், ரத்த அழுத்தம், குழந்தையின் எடை என்று அளப்பதுதானே தொழில். புதுசு நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "உக்காந்தா தெரியும்லா" என்றார். யார் உட்கார்ந்தால்? அவர் இருபது வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்தவர். அதனால்தான் பேசினை எடுத்தேன். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, ஜீப்பின் பின்தரையில் வைத்து, டிஸ்பென்சரி வாசலிலிருந்து பலகைப் பாலம் வரை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னேன். பாதிக்கு மேல் சிந்திவிட்டது. மிஞ்சிய மட்டத்தில் அடையாளம் வைக்க ஏதாவது கேட்டேன். செம்பனை மரங்களுக்கு நம்பர் எழுதும் சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவந்து, நான் தடுப்பதற்குள், ஊற்றிய மட்டத்துக்கு மேல்கோடு ஒன்று, மிஞ்சிய மட்டத்துக்கு ஒன்று என்று என் புதுப் பேசினில் இழுத்துவிட்டார். குழந்தை குளிப்பாட்டும் பேசின்! அன்று நான் போட்ட சத்தம் டிராக்டர் கொட்டகை வரை கேட்டதாம்.

அந்தக் கொட்டகையில்தான் வேலை நடந்தது. ஜீப்பைத் தூக்கி மரக்கட்டைமேல் நிறுத்தி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஒரு நாள் முழுக்க மல்லாந்து கிடந்து பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினார். மத்தியானம் டிஸ்பென்சரியில் கூட்டம் குறைந்ததும் நான் போய் நின்றுகொண்டேன். இரும்புப் பட்டை எப்படி வளைகிறது, வளைந்தது எப்படித் திரும்புகிறது, ஏன் ஒரே கனமான பட்டையாக இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அலுக்காமல் பதில் சொன்னார். எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்து இறுக்கிவிட்டு ஜீப்பைக் கீழே இறக்கினார். அது முன்னைவிட இரண்டு அங்குலம் உயரமாக, புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மறுநாள் அளந்தோம். பழசில் மிஞ்சியதைவிடக் குறைவான தண்ணீர். பேசினையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னும் பழகல மிஸ்ஸி. புதுச் செருப்பு மாதிரி. ரெண்டு வாரம் பாரம் ஏத்தி ஓட்டுனா பட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி, எறங்கி வந்துரும்" என்றார். அவர் பாரம் ஏற்றிய விதம்தான் தோட்டமெங்கும் சிரிப்பானது. மண் மூட்டையை ஏற்றினால் அது அசையாமல் கிடக்கும், ஆள் என்றால் குழிக்குக் குழி எழும்பி உட்காரும், அதுதான் ஸ்பிரிங்குக்குப் பயிற்சி என்பது அவர் கணக்கு. சாயங்காலம் வேலை முடிந்து லயத்து வீடுகளுக்குத் திரும்புகிறவர்களை வழியில் நிறுத்தி, ஆளைப் பார்த்துப் பொறுக்கினார். "அக்கா ஏறுங்க. நீங்க ஏறுங்க. தம்பி, நீ வேணாம், நடந்தே போ." ஒரே நாளில் இரண்டு தடவை கூப்பிடப்பட்ட மண்டோர் வீட்டம்மா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. மண்டோர் மட்டும் தினமும் கூப்பிடாமலே வந்து ஏறினார். தோட்டத்திலேயே கனத்த உடம்பு அவருடையது. மகளுக்காக என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் எழும்பி எழும்பி விழுந்துகொண்டே போவார்.

இரண்டு வாரம் கழித்து அளந்தோம். கோடு கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் பழைய ஸ்பிரிங்கின் கோட்டை எட்டவில்லை. மண்டோரின் மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் பேசினின் முன்னால் குந்தி, கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

இவ்வளவு பெரிய சாமானோடு ஒரு காகிதம்கூடவா வராது என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. தோட்டத்தில் ஒரு வழக்கம்: ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் எதுவானாலும் நேரே ஆபிசுக்குப் போய்விடும். மருந்துப் பெட்டியில் வரும் துண்டுச் சீட்டைக்கூட அப்படி அனுப்பியிருக்கிறார்கள். ஆபிசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் தொலைக்காதவர். "அதோ? அது ஃபைலில பத்திரமாக் கிடக்கு பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்லையே" என்று எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கம். துளைபோட்டு, முத்திரை குத்தி, நம்பர் போட்டிருந்தது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தேன். ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும், போல்ட் நுழையும் துளைக்குள், ரப்பர் உறை மாதிரி புஷ் இருக்கிறது. வண்டி தரையில் நின்று, சுமக்கப்போகும் பாரத்தோடு இருக்கும்போதுதான் அந்தப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் அசையப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் முறுக்கி இழுக்கும்.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில், அத்தனை பேர் முன்னால், "அண்ணே, நீங்க தப்பா இறுக்கியிருக்கீங்க" என்றேன். கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அவர் காகிதத்தை வாங்கினார், பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அதை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. லாரியில் வேலை கற்றவர் அவர். அதில் கிரீஸ் போடும் பித்தளை புஷ்தான், எந்த நிலையில் இறுக்கினாலும் அதற்குக் கவலையில்லை. படிக்கத் தெரியாததால் வந்த தப்பு இல்லை, படிக்க வேண்டியதை யாரும் அவருக்குக் காட்டாததால் வந்த தப்பு. இதை அங்கேயே சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் அவர் டிஸ்பென்சரிப் பக்கமே வரவில்லை. 

மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் வந்து நின்றார். "மிஸ்ஸி, அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு வாங்க. மொத வரியிலேருந்து படிங்க. மெதுவா."

அன்றைக்கு ஜீப்பில் நான், மண்டோர், கோபம் மறந்து வந்த மண்டோர் வீட்டம்மா, ஒரு மெத்தை, மெத்தையின்மேல் மண்டோரின் மகளுக்குப் பதிலாக ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று. பிரசவத்துக்குப் போகும் நாளின் பாரம் அப்படியே. நான் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ஜீப்புக்கு அடியில் கிடந்த டிரைவர் அண்ணனிடமிருந்து "ம்" என்று குரல் வரும். சில வரிகளை மூன்று தடவை கேட்டார். போல்ட்டைத் தளர்த்தியபோது ஜீப் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு எங்கள் எல்லோரையும் கொஞ்சம் கீழே இறக்கியது. மண்டோர் பயந்துபோய்க் கம்பியைப் பிடித்தார். அடியில் டிரைவர் அண்ணன் சிரிப்பது கேட்டது. அதே பாரத்தோடு எல்லாவற்றையும் மறுபடி இறுக்கினார். விஷயம் கேள்விப்பட்ட மண்டோரின் மகள், "என்னைய அரிசி மூட்டையாக்கிட்டீங்களே மிஸ்ஸி" என்று படுத்தபடியே சிரித்தாள்.

அந்தத் தடவை கோடு மேல்கோட்டுக்கு ஒரு விரல் கீழே விழுந்தது. பெயிண்ட் தொட்ட குச்சியை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொதக் கொழந்தை போன அன்னிக்கும் நான்தான் ஓட்டுனேன் மிஸ்ஸி. ஒவ்வொரு குழிக்கும் அந்தப் புள்ள கத்துனா. எத்தன குழின்னு எனக்கு இன்னைக்கும் தெரியும்." எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்வி என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு ரத்தம் கண்டது. சொட்டு இல்லை, போக்கு. மெத்தையில் அவளைக் கிடத்தி, பக்கத்தில் வழக்கம்போலப் பேசின் நிறையத் தண்ணீர். யார் வைத்தது என்று தெரியாது, அவராகத்தான் இருக்கும். அந்தப் பயணத்தில் எனக்கு அவளுடைய நாடியைத் தவிர எதுவும் நினைவில்லை. பாலத்தில் அவர் சிலுவை போட்டாரா என்றுகூடப் பார்க்கவில்லை. அவள் ஒரு தடவையும் கத்தவில்லை. "மிஸ்ஸி, வந்துட்டமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆம்புலன்சுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிவிட்டார். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஜீப்பிலிருந்து பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலியாக இருந்தது.

"எல்லாம் சிந்திருச்சா மிஸ்ஸி?"

 எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லண்ணே. எடுத்துட்டேன். அவ மொகத்தத் தொடச்சேன். என் கை ரெண்டும் ரத்தமா இருந்துச்சு, எறங்குறதுக்கு முன்னால கழுவுனேன்."

"கழுவுறதுக்கு இருந்துச்சா? ரெண்டு கையும்?"

"இருந்துச்சு."

பேசினை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர், அழுதார். உள்ளே என்ன ஆகிறது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. பதினொரு மணிக்குத்தான் சொன்னார்கள். பெண் குழந்தை. நாலு பவுண்டு கொஞ்சம் கூட. தாய்க்கு ரத்தம் ஏற்றுகிறார்கள், பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அப்படியே பிழைத்தாள்.

குலுங்காமல் போனது ஸ்பிரிங்கினாலா, அவர் ஓட்டிய விதத்தினாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பயணத்துக்குக் கோடு கிடையாதே. பல வருஷம் கழித்து, வேலை விட்டு அவர் சுங்கை சோவில் மகள் வீட்டில் இருந்தபோது நேராகவே கேட்டேன். "பாதி ஸ்பிரிங்கு, பாதி மண்டோர் ஒடம்பு" என்றார். இப்போது அவர் இல்லை. தோட்டம் விற்றுப்போய்ச் செம்மண் பாதை இருந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன.

போன மாதம் புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் என் மகன், தன் ஃபோர் வீல் வண்டிக்குப் புதிதாக ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் மாட்டிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் ஓட்டி விளையாடுவதற்காக. வந்ததும், கடினமாக இருக்கிறது, பழக வேண்டும் என்றான். தரையில் நிற்கவைத்துத்தானே இறுக்கினார்கள் என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பேசினில் மேல்கோடு வரை தண்ணீர் ஊற்றி, பின்னால் வைத்து, செம்மண் பாதையாகப் பார்த்து ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது தண்ணீர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. மகனுக்குப் பெருமை தாங்கவில்லை, கோடு போட மார்க்கர் பேனா தேடி உள்ளே ஓடினான். அவன் வருவதற்குள் நான் இரண்டு கைகளையும் உள்ளே விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது, இன்னும் அளக்கவே இல்லையே!"

"அளந்தாச்சு" என்றேன்.